இருளப்பனும் நூற்று எண்பத்தாறு டிகிரியும்

மூணுகல் தோட்டத்தை விட்டு வெளியேற இருளப்பன் மூன்று முறை முயன்றிருக்கிறார். மூன்று முறையும் அவரைத் தடுத்து நிறுத்திய ஆள் ஒருவரே. அந்த ஆளின் பெயரும் இருளப்பன்தான்.

முதல் முறை அவருக்கு வயது இருபது. சிங்கப்பூரில் வேலை. குரூண் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, ஜன்னலோர இருக்கையும் பிடித்தாகிவிட்டது. வெளியே பார்த்தால் தோட்டத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் பூட்டுக்கடை வாசலில் நிற்கிறார்கள். மண்டபத்துச் சாவியைக் காணோம், பூட்டை உடைக்க ஆள் வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். உடைந்தால் ஒரு பூட்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருளப்பன் தலையை வெளியே நீட்டி, "உடைக்காதீங்க, சாவி என் சட்டைப்பையிலதான் இருக்கு!" என்றார். முந்தின நாள் மேடை போட்டுப் பூட்டி வந்தவர் அவர்தான். சாவி கொடுக்க இறங்கியவரை, மேடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ என்றார்கள். பார்த்தார். பஸ்ஸும் போனது, வேலையும் போனது.

இரண்டாம் முறை தோட்டம் விற்கப்பட்ட சமயம். பினாங்கில் இரும்புப் பட்டறை ஒன்று அவரைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டே கடைசிக் கூட்டத்துக்குப் போனார். கம்பெனி அதிகாரி, "எல்லாருக்கும் சீக்கிரம் வீடு கிடைக்கும்" என்றார். கூட்டம் தலையாட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், "சீக்கிரம்னா எந்த மாசம் சார்?" என்று கேட்டது. கேட்டவரையே வீட்டுக் கமிட்டிக்குப் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். அந்த மாசம் வர பன்னிரண்டு வருஷம் ஆனது. வீடு வந்தது. முன்னால் சாக்கடை, பின்னால் செம்பனை.

மூன்றாம் முறை இப்போது. இருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது, வெல்டர். ஜோகூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வரவில்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள். மனைவி மருதம்மாள் கையுறைத் தொழிற்சாலையில் ராஜினாமா கொடுத்து, அங்கேயே மாசாயில் இருக்கும் தங்கச்சி வீட்டில் ஓர் அறையும் பேசி வைத்துவிட்டாள். பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள்.

இடையில் காளியம்மன் வந்தாள்.

சரியாகச் சொன்னால், வந்தவர் காளியம்மன் ஆலயத் தலைவர் சுகுமாரன். அலோர் ஸ்டாரில் லோரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். பிறந்தது பதினான்காம் தேதி. ஒன்றையும் நாலையும் கூட்டினால் ஐந்து. அந்த நாளிலிருந்து அவர் வாழ்க்கையில் ஐந்து வராத எண்ணுக்கு அனுமதி கிடையாது. வீட்டு எண், கார் எண், போன் எண் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஐந்தில் வந்து நிற்கும். கோயிலும் அப்படியே. பதினான்கு தூண், முப்பத்திரண்டு விளக்கு. ஐந்தாம் தேதி வேலை தொடக்கம், பதினான்காம் தேதி கூரை ஏற்றம், இருபத்து மூன்றாம் தேதி கும்பாபிஷேகம். அழைப்பிதழ் அடித்து, பெண்டாங் முதல் யான் வரை கொடுத்தும் ஆகிவிட்டது.

தூண்களை நட்ட பழைய வெல்டர் ஒருநாள் மதியம் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே சுகுமாரன் இம்முறை உஷாராக இருந்தார்.

"இருளப்பா, ஒம்பது நாள் வேலதான். முகப்புல ஒரு பெரிய முக்கோணம், பெசிக் குழாயில. மூணு மூலை இருக்கில்ல? மூணோட டிகிரியும் அஞ்சு வரணும். வருமா?"

"இரும்புதான தலைவரே, சொன்னபடி கேக்கும்" என்றார் இருளப்பன்.

பத்தாம் வயதில் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பாடத்தை அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் நினைத்துப் பார்த்தது ஒன்பது நாளை. ஐந்தும் ஒன்பதும் பதினான்கு. பதினைந்தாம் தேதி பஸ். கணக்கு அழகாக உட்கார்ந்தது.

"அப்ப காப்பு கட்டிடலாம்" என்றார் சுகுமாரன்.

பூசாரி பிச்சை மஞ்சள் கயிற்றோடு தயாராக நின்றார். திருவிழாவில் தீ மிதிக்கிறவர்களுக்குக் காப்பு கட்டுவது வழக்கம். கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெல்டருக்குக் காப்பு கட்டியது மலேசியாவிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். கயிறு மணிக்கட்டில் இறுகியது. பிச்சை எல்லைக் கல் மூன்றிலும் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார். தோட்டம் போய் மிஞ்சிய நிலம் அது. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் நெடுஞ்சாலை. மூன்றும் சந்திக்கிற இடங்களில் மூன்று கல். நடுவில் அறுபது வீடு, ஒரு கோயில், ஒரு இருளப்பன்.

"கூரை ஏறினதும் அவுத்துடறேன்" என்றார் பிச்சை. "அதுக்கு முன்னாடி கல்லத் தாண்டின, ஆத்தா சும்மா விட மாட்டா. அந்தப் பழைய வெல்டரு, தெரியும்ல? மோட்டாரோட யான் வயல்வாய்க்கால்ல விழுந்தானாம்."

"அவனுக்குத்தான் காப்பே கட்டலியே மாமா."

"கட்டாமலே விழுந்தான். நீ யோசிச்சுப் பாரு."

அன்று சாயங்காலம் இருளப்பன் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் முக்கோணம் போட்டார். இரண்டு அடிமூலைக்கும் ஐம்பது, ஐம்பது. ஐந்து, ஐந்து. நன்றாக வந்தது. உச்சி மூலைக்கு மிச்சம் எண்பது. எட்டு.

சரி, கொஞ்சம் சாய்வைக் குறைத்தார். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. ஐந்து, ஐந்து. உச்சி தொண்ணூற்றெட்டு. ஒன்பதும் எட்டும் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு.

அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. உச்சி நாற்பத்து நாலு. எட்டு. ஒரு பக்கம் ஐம்பது, மறுபக்கம் ஐம்பத்தொன்பது என்று கோணலாகவே வைத்துப் பார்த்தார். எழுபத்தொன்று. எட்டு. இரண்டு நாள் தரை முழுக்கச் சாக்கட்டி. இரண்டு மூலையை எப்படி ஐந்தாக்கினாலும் மூன்றாவது மூலையில் எட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. எண்ணில் எட்டு என்றால் சனி என்பது மூணுகல்லில் தவழும் குழந்தைக்கும் தெரியும். அலோர் ஸ்டாருக்குப் போன் போட்டார்.

"தலைவரே, ரெண்டு மூலைல அஞ்சு வருது. மூணாவதுல எட்டு வருது."

மறுமுனையில் லோரி டயர் ஒன்று உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"எட்டா? ஆத்தா தலைக்கு மேல சனியவா ஏத்தி வைக்கப் போற? லேசா தட்டி அஞ்சாக்குய்யா!"

"ஒரு மூலையத் தட்டினா இன்னொரு மூல தொறக்குது தலைவரே."

"நல்ல வெல்டர்னு சொன்னாங்களே. நீ நல்ல வெல்டர்தான?"

இருளப்பன் கைக்கயிற்றைப் பார்த்தார். வியர்வையில் நனைந்து, காய்ந்து, ஒரு சுற்று சுருங்கியிருந்தது.

எட்டாம் தேதி குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நினைவு வந்து தொலைந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பெண்டாங்கில் நெல் ஆலை முதலாளி தவுக்கே ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஒன்பது மூலைக் கொட்டகை ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு குழாயின் முனையையும் இருபது டிகிரி சாய்த்து வெட்டிப் பொருத்தினால், ஒவ்வொரு மூலையும் நூற்று நாற்பதில் நிற்கும். ஒன்று, நாலு, பூஜ்யம். ஐந்து. ஒன்பது மூலையிலும் ஐந்து.

சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். பிறகு ஈரத்தலையோடு போய் மருதம்மாளிடம் சொன்னார்.

மருதம்மாள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"அத கட்ட எத்தன நாளாவும்?"

"ரெண்டு மாசம். கூரையே ஒம்பது மூலையாவும், தூணெல்லாம் எடம் மாத்தணும்."

"இந்த விஷயம் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"அப்ப எனக்கு மட்டும் தெரியும்னு வச்சிக்குங்க. நீங்க மறந்துட்டீங்க. ஏங்க, நா சொல்றது காதுல விழுதா? இந்த ஒரு வாட்டி வாயத் தொறக்காதீங்க. முப்பது வருஷமா ஒவ்வொரு பஸ்ஸும் உங்க வாயிலதான் மோதி நிக்குது."

"நா ஏன் தொறக்கறேன்?"

"சாவி கேட்டப்பவும் இப்படித்தான் நெனச்சிருப்பீங்க." அவள் கைகளைத் துடைத்துக்கொண்டாள். "ஐம்பது, ஐம்பது, எண்பதுன்னு வெல்டு பண்ணுங்க. எண்பதுங்கற எடத்துல எண்பத்தாறுன்னு பெயிண்டு அடிங்க. எட்டும் ஆறும் பதினாலு, அஞ்சு. டயர் விக்கறவரு ஏணி வச்சி ஏறி அளந்தா பாக்கப் போறாரு?"

இருளப்பன் வாழ்க்கையில் ஒரு மில்லிமீட்டர் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யே ஆறு டிகிரி. ஆறு என்ற எண்ணை மூன்று தடவை அழித்து எழுதினார்.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம். முக்கோணம் கோயில் முன்னால் தரையில் கிடந்தது, பச்சை வர்ணம் பூசி, மூலைகளில் மஞ்சள் எழுத்தோடு: 50, 50, 86. சுகுமாரன் காரிலிருந்து இறங்கி மூன்று மூலையையும் சுற்றி வந்தார். விரல் விட்டுக் கூட்டினார்.

"அஞ்சு. அஞ்சு. பதினாலு... அஞ்சு!" கண் கலங்கிவிட்டது. "எப்படிய்யா பண்ண?"

"லேசா தட்டினேன் தலைவரே."

இத்தோடு அவர் போயிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் சந்தோஷம் வந்தால் சுகுமாரனுக்குக் கூட்டம் வேண்டும். பக்கத்துக் கொட்டகையில் சனிக்கிழமைத் தேவார வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடத்துகிறவர் குணசுந்தரி டீச்சர். வாரநாளில் தமிழ்ப்பள்ளியில் கணக்கு, வார இறுதியில் தேவாரம்.

"டீச்சர், பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க! சாமி காரியத்துல கணக்கு எப்படி வெளையாடுதுன்னு பாக்கட்டும்!"

முப்பது பிள்ளைகள் வந்து முக்கோணத்தைச் சுற்றி நின்றார்கள். குணசுந்தரி டீச்சர் எண்களைப் படித்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடி நின்றது. அவர் ஏதும் சொல்வதற்குள், தினமும் பழக்கின வாய்கள் தாமாகவே கூட்டிவிட்டன.

"டீச்சர்! நூத்து எம்பத்தாறு!"

"ஆறு கூட இருக்கு டீச்சர்!"

"இது முக்கோணமே இல்ல டீச்சர்!"

சுகுமாரன் சிரித்தபடி திரும்பினார். "என்னா சொல்றாங்க?"

டீச்சர் இருளப்பனைப் பார்த்தார், அவர் கைக்கயிற்றைப் பார்த்தார், பிறகு முப்பது முகங்களைப் பார்த்தார். அடுத்த மாதம் அந்த முகங்களுக்குப் பரீட்சை.

"தலைவரே, எந்த முக்கோணமா இருந்தாலும் மூணு கோணமும் சேந்தா நூத்தி எண்பதுதான். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல தலைவரே. அது அப்படித்தான்."

"ஆலயக் கமிட்டி தீர்மானம் போட்டா?"

"போட்டாலும் அப்படித்தான்."

சுகுமாரன் இருளப்பன் பக்கம் திரும்பினார். "தட்டினேன்னியே?"

"பெயிண்டுல தட்டினேன் தலைவரே" என்றார் இருளப்பன். உண்மை சொன்னதும் உடம்பு ஒரு கிலோ குறைந்த மாதிரி இருந்தது.

குணசுந்தரி டீச்சர் சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டினார். நூற்று எண்பதைக் கூட்டினால் ஒன்பது. மூன்று ஐந்து சேர்ந்தால் பதினைந்து, அதைக் கூட்டினால் ஆறு. "ஒரு பக்கம் ஒம்பது, ஒரு பக்கம் ஆறு. ரெண்டும் எப்படித் தலைவரே ஒண்ணாவும்? அண்ணன் மேல தப்பே இல்ல. யாரு செஞ்சாலும் வராது."

"அப்ப நாலு மூல?"

"முந்நூத்தி அறுவது. அதுவும் ஒம்பது. நாலு அஞ்சு இருவது, ரெண்டு. வராது."

"அஞ்சு மூல? அஞ்சுன்னா வருமே!"

"ஐந்நூத்தி நாப்பது, ஒம்பது. அஞ்சஞ்சு இருவத்தஞ்சு, ஏழு. வராது."

"ஆறு?"

டீச்சருக்கு வீட்டில் சமையல் இருந்தது. "ஆறும் வராது தலைவரே. எந்த உருவத்துலயும் வராது. விட்டுருங்க."

சுகுமாரன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அவர் தலைவர் மாதிரியே தெரியவில்லை. பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி லா. ஆத்தா கணக்கு நமக்குப் புரியாது. எண்ண அழிச்சிட்டு நாளைக்கு இதையே தூக்குங்க. பிச்சைண்ணே, இவனுக்குக் காப்ப அவுத்துருங்க. பாவம், ஜோகூருக்குப் போறான்."

பூசாரி பிச்சை கத்தரிக்கோலோடு வந்தார். கயிறு இறுகிப்போயிருந்ததால் முதல் இழையை மட்டும் வெட்ட முடிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் மருதம்மாள் நின்றிருந்தாள். அவள் கண் கத்தரிக்கோலை விட்டு நகரவில்லை.

"பிள்ளைங்களா, குறிச்சிக்குங்க" என்றார் டீச்சர். "எல்லாக் கோணமும் ஐந்தா வர்ற மாதிரி எந்த உருவமும் கிடையாது."

முப்பது பென்சில்களும் தேவாரப் புத்தகத்தின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தன. எந்த உருவமும் கிடையாது. எந்த உருவமும் கிடையாது.

இருளப்பன் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். மேலே பார்த்தார், ஜெராய் மலை தெரிந்தது. கீழே பார்த்தார், பென்சில்கள் தெரிந்தன. தவறாக வெட்டின குழாயை ஒருவன் பொருத்தப் போவதைப் பார்த்தால் அவர் கை தானாக நீளும். முப்பது தவறான குழாய்கள், முப்பது பேர் வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரியப் போகிறார்கள். பிச்சை இரண்டாம் இழைக்குள் கத்தரியை நுழைத்தார்.

"ஒம்பது மூலைல வரும் டீச்சர்" என்றார் இருளப்பன்.

கத்தரி நின்றது.

"ஒவ்வொரு மூலையும் நூத்தி நாப்பது. பெண்டாங்குல ஒண்ணு கட்டியிருக்கேன்."

டீச்சர் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். ஒன்பது தடவை நூற்று நாற்பது, ஆயிரத்து இருநூற்று அறுபது. சரிதான். அவர் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு மருதம்மாளைப் பார்த்ததும் வாடியது. "அண்ணே," என்றார் மெதுவாக, "எனக்குத் தனியா சொல்லியிருந்தா திங்கக்கிழம வகுப்புல நானே திருத்தியிருப்பேனே. இப்பவேவா சொல்லணும்?"

சுகுமாரன் எழுந்து நின்றார். "நூத்தி நாப்பது... ஒண்ணு, நாலு... அஞ்சு! ஒம்பது மூலையிலயும் அஞ்சு! டேய் இருளப்பா!" கட்டிப் பிடித்துக்கொண்டார். "பிச்சைண்ணே, வெட்டாதீங்க! வெட்டின இழைக்குப் பதிலா ரெண்டு இழ கட்டுங்க!"

கும்பாபிஷேகம் இரண்டு மாதம் தள்ளிப் போனது. தேதி இருபத்து மூன்றுதான். அழைப்பிதழ் மறுபடியும் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மருதம்மாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்தாள். பெட்டியைக் கட்டினாள். திங்கட்கிழமை காலை நெடுஞ்சாலைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்க எதிர்க் கடைக்குப் போயிருந்தார். மருதம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் பெட்டி. கல்லுக்கு இந்தப் பக்கம், கருத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழத்தின் அருகில், இருளப்பன்.

"மருதா, இந்தக் கயிற வெட்டிட்டு வந்துறவா?"

"வெட்ட மாட்டீங்க" என்றாள் அவள். "ஆத்தாளுக்குப் பயந்து இல்ல. ஒம்பது மூலைய வேற எவனாச்சும் தப்பா வெட்டிருவான்னு பயந்து." பெட்டியைத் தட்டினாள். "நாளைக்கு எட்டு மணி வரைக்கும் உங்க எடம் இருக்கு. அதுக்கப்புறம் அடுத்த ஆளு. நா தங்கச்சி வீட்டுலதான் இருப்பேன், போன் பண்ணுங்க."

அப்போது கோயில் பக்கமிருந்து பிச்சை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். காதில் கைப்பேசி.

"இருளப்பா! ஒனக்கு நல்ல காலம்! அலோர் ஸ்டார்ல இஞ்சினியர் ஒருத்தரக் கேட்டாராம் தலைவரு. பதினாலு தூணு நட்டாச்சு, அதுல ஒம்பது மூலை உக்காராது, வேலைக்கே ஆவாதுன்னு சொல்லிட்டாராம். தூணக் கொறைக்கவும் தலைவருக்கு மனசில்ல, பதினாலாச்சே. திட்டமே வேணாங்கறாரு. காப்ப இப்பவே அவுத்து ஒன்னய பஸ் ஏத்தச் சொல்லிட்டாரு." கத்தரிக்கோலை இடுப்பிலிருந்து உருவினார். "ஒரே ஒரு வார்த்த கேட்டுக்கச் சொன்னாரு. பதினாலு தூணு மேல ஒம்பது மூலைய நிறுத்த ஏதாச்சும் வழி இருக்கா? இல்லன்னு சொல்லு, நா வெட்டறேன்."

ஓட்டுநர் பொட்டலத்தோடு சாலையைக் கடந்து வந்தார். மருதம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்த பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இடம் காலியானது. "இல்லன்னு சொல்லுங்க" என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

இருளப்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூலைக்கு ஒன்றாக ஒன்பது. நடுவில் பாரம் தாங்க ஐந்து. ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. ஒரு தூணும் மிஞ்சாது, ஒரு தூணும் குறையாது. இருக்கிற தூண்களையே இடம் மாற்றி நட்டால் போதும். இவ்வளவு அழகாக எந்தக் கணக்கும் அவருக்கு வந்து உட்கார்ந்ததில்லை.

பஸ் உறுமியது. பிச்சையின் கத்தரி விரிந்தது.

"மாமா," என்றார் இருளப்பன், "அந்த இஞ்சினியருக்கு நடுவுலன்னு ஒண்ணு இருக்கறது தெரியாதா?"

மருதம்மாள் பெட்டியை மறுபடியும் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.